தாகமும் தந்திரமும்

சித்திரை மாதத்து மத்தியானம்; மணி இரண்டிருக்கும். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் அந்த வேளையில் காக்கைகூடப் பறக்காது. வாசலில் மணி அடித்தது. போய்க் கதவைத் திறந்தேன். இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் நின்று கொண்டிருந்தான். முழுக்கைச் சட்டை, கழுத்திலே டை, காலிலே பூட்ஸ், தோளிலே கனமான பை. சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக் கொண்டிருந்தது.

“ஸார், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?” என்றான்.

இந்தக் கேள்விக்கு நம்மவர் வீடுகளில் ‘இல்லை’ என்ற பதில் கிடையாது. என் மனைவி பானைத் தண்ணீரைச் செம்பில் கொண்டு வந்தாள். “வெயிலில் நிற்காதே, தம்பி. உள்ளே வந்து உட்கார்ந்து குடி” என்றாள். உட்கார்ந்தான். இரண்டு வாய் குடித்தான். செம்பைக் கீழே வைத்தான். அடுத்த கணமே பை திறந்தது. தரை துடைக்கிற திரவம் ஒரு புட்டி, பாத்திரம் துலக்குகிற திரவம் ஒரு புட்டி, கண்ணாடி துடைப்பதற்கு ஒரு புட்டி; மூன்றும் சேர்ந்து ஒரு செட், விலை 350 ரூபாய். நெட்டுருப் போட்ட பேச்சு, இடையில் மூச்சு விடாமல் ஓடியது.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆகையால் சாமானை விட்டுவிட்டு ஆளை விசாரிப்பது என் வழக்கம். ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமம். தகப்பனாருக்குச் சொந்த நிலம் கிடையாது. குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை இவன்தான். நகரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் வியாபார நிர்வாகம் படிக்கிறான். இது ‘செயல்முறைப் பயிற்சி’யாம். ஐந்து நாளில் 25 செட் விற்க வேண்டும். விற்ற ரூபாய்க்குத் தக்கபடி மார்க்.

“இன்னும் கொஞ்சம் தண்ணீர் தரட்டுமா?” என்று என் மனைவி கேட்டாள்.

பையன் சிரித்தான், கூச்சத்தோடு சிரித்தான். “வேண்டாம் அம்மா. காலையிலிருந்து பதினோரு வீட்டில் குடித்தாயிற்று” என்றான். சற்றுப் பொறுத்து என்னைப் பார்த்துச் சொன்னான்: “முதலில் தண்ணீர் கேட்கும்படி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், ஸார். தண்ணீர் கொடுத்தவர்கள் கதவைச் சாத்த மாட்டார்களாம்.”

நான் ஒரு செட் வாங்கினேன். அது நான் செய்த தப்பு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் பையன் மீது எனக்குக் கோபமில்லை. கற்றுக் கொடுத்த பொய்யை மாலை வரை கூடக் கட்டிக் காக்கத் தெரியாதவன் கெட்டவனாக இருக்க முடியாது. என் கோபம், அவனுக்கு அதைப் பாடமென்று சொல்லிக் கற்றுக் கொடுத்தவர்கள் மீதுதான்.

ஆனால் அவர்களிடம் போவதற்கு முன்னால், என்னோடு சேர்ந்து கோபப்பட ஓடி வருகிற வேறொரு கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. என் நண்பர் ஒருவர் இருக்கிறார். நல்ல உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் பிள்ளையையும் இதே மாதிரி ஒரு கல்லூரியில் பை தூக்க வைத்தார்கள். “லட்சம் லட்சமாகக் கொட்டிக் கொடுத்தது, பிள்ளை தெருத் தெருவாகச் சோப்பு விற்பதற்கா?” என்று கொதித்தார். நான் அவரோடு சேர்ந்து கொதிக்கவில்லை. அவர் கோபம் பையன் ஏமாற்றக் கற்றான் என்பதற்காக அல்ல. தெருவிலே நடந்தான் என்பதற்காக. பிள்ளை குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஆயிரம் பேரைத் தெருவுக்கு அனுப்பினால் அவருக்குக் கௌரவம். தானே தெருவில் இறங்கினால் அவமானம். இந்தக் கௌரவத்தைப் போல அசிங்கமான சரக்கு எந்த மூட்டையிலும் கிடையாது.

வீடு வீடாக விற்பதில் இழிவு என்ன இருக்கிறது? பெரியார் ஈ.வெ.ரா. 1919 முதல் 1925 வரை காங்கிரஸில் இருந்தார். ஈரோட்டில் பெரிய வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர், அந்தக் காலத்தில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து கொண்டு ஊர் ஊராக விற்றார். தேச பக்தர்கள் எத்தனையோ பேர் அந்த மூட்டையைச் சுமந்தார்கள். அவர்களும் கதவைத் தட்டினவர்களே. ஆனால் ஒரு வித்தியாசம்: தாங்கள் உடுத்தாத துணியை அவர்கள் விற்கவில்லை. விற்கிற துணி எங்கே நூற்கப்பட்டது, எங்கே நெய்யப்பட்டது, ஏன் முரட்டுத்தனமாக இருக்கிறது, ஏன் கூடுதல் விலை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

நானும் விற்றிருக்கிறேன். இரண்டு வருஷத்தோடு கல்லூரிப் படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு எட்டு மாதம் கும்பகோணத்துத் தெருக்களில் ஊதுவத்தி விற்றேன். முதல் வாரத்தில் என் விற்பனையைக் கண்டு எனக்கே பெருமை தாங்கவில்லை. ‘ஒரு வத்தி ஏற்றினால் ஒரு மணி நேரம் எரியும்’ என்று சொல்லிச் சொல்லி விற்றேன். யாரும் கடிகாரத்தை வைத்துக் கொண்டு உட்காரப் போவதில்லை என்ற தைரியம். அடுத்த மாதம் அதே தெருவுக்குப் போனேன். ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். “வா அப்பா, உனக்காகத்தான் காத்திருந்தேன்” என்றாள். உள்ளே போய் என்னிடம் வாங்கிய வத்தியில் ஒன்றை எடுத்து வந்து, என் முன்னால் ஏற்றிவைத்து, “உட்கார்” என்றாள். உட்கார்ந்தேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வத்தி இருபத்தைந்து நிமிஷத்தில் அணைந்தது. அந்த இருபத்தைந்து நிமிஷம் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம். பிறகு அவள் இரண்டு கட்டு வாங்கிக் கொண்டாள். “வாசனை நன்றாகத்தானே இருக்கிறது, அதைச் சொல்லி விற்கக் கூடாதா?” என்றாள்.

எட்டு மாதத்தில் நான் வியாபாரம் கற்றது அந்த ஒரு நாளில்தான். அதுவும் முதல் தடவை போனதனால் அல்ல. இரண்டாந் தடவை போனதனால். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த ஒன்றுதான்: கதவைத் தட்டுவது பாடமே அல்ல. தட்டின கதவுக்குத் திரும்பிப் போவதுதான் பாடம்.

எங்கள் தெருவுக்கு வருகிற கீரைக்காரி இதைப் படித்துத் தெரிந்து கொள்ள வேண்டியதில்லை. இன்றைக்குப் பூச்சி அரித்த கீரையைத் தலையில் கட்டினால் நாளைக்கு அதே வாசலில் அவள் தலைச்சுமையை இறக்க முடியாது. தவணைக்குப் புடவை கொடுக்கிறவர் சாயம் போகிற புடவையைக் கொடுத்தால் இரண்டாவது தவணைக்கு எந்த முகத்தோடு வருவார்? இவர்களெல்லாம் பிறவியிலேயே அரிச்சந்திரர்கள் என்று நான் சொல்லவில்லை. திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களை யோக்கியர்களாக வைத்திருக்கிறது. வியாபாரத்தில் நாணயம் பிறந்த இடம் அதுதான். சரக்குக்குப் பின்னால் ஒரு முகமும், அந்த முகத்துக்கு ஒரு நாளையும் இருக்க வேண்டும். நம் கல்லூரிப் பையனுக்கு நாளை இல்லை. ஐந்து நாள்; 25 செட்; அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே தலை வைத்துப் படுக்க வேண்டாம். திரும்பி வராதவனுக்கு என்ன கற்றுக் கொடுக்க முடியும்? ஒரு தடவை ஏமாற்றுவது எப்படி என்பதைத்தான்.

இதைப் பற்றி ஒரு பேராசிரியரிடம் பேசினேன். என் கதைகளைப் படிக்கிறவர். ஆகையால் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “புஸ்தகத்தைப் படித்து நீச்சல் வருமா? பையன்களுக்குக் கூச்சம் போக வேண்டாமா? ‘வேண்டாம், போ’ என்று நூறு பேர் முகத்தில் அடித்தாற்போல் சொன்னாலும் நூற்றோராவது வீட்டில் சிரித்துக் கொண்டு நிற்கத் தெரிய வேண்டாமா? அமெரிக்காவில் மாணவர்கள் செய்யாததா?”

நியாயமான கேள்விகள். பதில் சொல்ல வேண்டியதுதான்.

அமெரிக்காவில் செய்கிறார்கள், உண்மை. டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரத்தில் 1855-இல் ஆரம்பித்த ஒரு புஸ்தகக் கம்பெனி, 1868 முதல் கல்லூரி மாணவர்களைக் கோடை விடுமுறையில் வீடு வீடாகப் பைபிளும் புஸ்தகங்களும் விற்க அனுப்பியது. அந்த வழக்கம் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது. ஆனால் அங்கே மாணவன் எதற்காகப் போனான்? தன் படிப்புச் செலவைத் தானே சம்பாதித்துக் கொள்வதற்காக. விற்பதிலே லாபம் அவனுக்கு. நஷ்டமும் அவன் தலையில்தான். அதைப் பற்றி அங்கேயும் குறை சொல்கிறவர்கள் உண்டு. இருந்தாலும் அது அவனுடைய வியாபாரம். இங்கே நடப்பது என்ன? சம்பளத்தைக் கல்லூரிக்குக் கட்டிவிட்டு, சரக்கைக் கம்பெனிக்காக விற்றுவிட்டு, பஸ் செலவைத் தன் கையிலிருந்து போட்டுவிட்டு, மாணவன் மார்க்கை வாங்கிக் கொள்கிறான்.

கணக்குப் பார்ப்போம், வியாபாரப் படிப்பைப் பற்றிப் பேசும்போது கணக்குப் பார்க்காமலிருப்பது மரியாதையல்ல. ஒரு வகுப்பில் 60 பேர் என்று வைத்துக் கொள்வோம். ஆளுக்கு 25 செட் என்றால் 1,500 செட். செட் 350 ரூபாய் என்றால் 5,25,000 ரூபாய்ச் சரக்கு. அறுபது பேர் ஐந்து நாள் வேலை செய்தால் 300 ஆள்-நாள். கூலி? பூஜ்யம். கல்லூரியிலே வியாபாரம் படிக்க வந்தவர்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து எழுந்து நின்று கேட்கிற பையன் எவனோ, அவனுக்கல்லவா முதல் மார்க் கொடுக்க வேண்டும்?

மார்க்கு கொடுக்கிற லட்சணத்தைப் பாருங்கள். விற்ற ரூபாய்க்கு மார்க். சென்னையில் சித்தப்பா, பெரியம்மா, மாமா, அப்பாவின் சிநேகிதர் என்று இருபது வீடு உள்ள பையன் முதல் நாள் மாலையே 25 செட்டையும் தீர்த்துவிட்டுச் சினிமாவுக்குப் போகிறான். அவன் வியாபாரம் செய்யவில்லை, மொய் வசூலித்தான். ஆத்தூர்ப் பையன் நாலு நாளும் வெயிலில் நடந்து ஒன்பது செட் விற்கிறான். அவன்தான் உண்மையில் விற்றவன். பரீட்சையில் அவன் கீழே, மற்றவன் மேலே. பெண்பிள்ளைகளையும் இப்படியே முன்பின் தெரியாத வாசற்படிகளுக்கு அனுப்புகிறார்கள். திறக்கிற கதவுக்குப் பின்னால் யார் இருப்பார்கள் என்பதற்கு எந்தப் பேராசிரியர் ஜவாப்தாரி?

இனிக் கூச்சத்தைப் பற்றி. மனிதனுக்குக் கூச்சம் இரண்டு வகை. அந்நிய மனிதனிடம் வாய் திறந்து பேசக் கூசுவது ஒன்று. பொய் சொல்லக் கூசுவது மற்றொன்று. முதல் கூச்சம் போக வேண்டியதுதான். போகாதவன் வியாபாரி மட்டுமல்ல, வாத்தியாராகக் கூட முடியாது. இரண்டாவது கூச்சம் சாகிற வரைக்கும் இருக்க வேண்டியது. இந்தப் பயிற்சிக்காரர்கள் இரண்டையும் ஒரே திரவத்தில் போட்டுத் துலக்கி விடுகிறார்கள். பையன் பளபளவென்று வெளியே வருகிறான்.

அந்தத் தண்ணீர்த் தந்திரம் யாருக்கோ தற்செயலாகத் தோன்றிய குறும்பல்ல. அதற்குச் சாஸ்திரமே இருக்கிறது. 1966-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரீட்மன், ஃப்ரேஸர் என்ற இருவர் கலிஃபோர்னியாவில் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ‘ஜாக்கிரதையாக வண்டி ஓட்டுங்கள்’ என்று எழுதிய பெரிய, அவலட்சணமான பலகையை உங்கள் வீட்டு முன்புறத்தில் நட்டுக் கொள்ளலாமா என்று வீட்டுக்காரர்களைக் கேட்டார்கள். நேராகப் போய்க் கேட்டபோது 100-க்கு 17 பேர்கூடச் சம்மதிக்கவில்லை. ஆனால் அதே விஷயத்தைப் பற்றி உள்ளங்கையளவு சீட்டு ஒன்றை முதலில் வைத்துக் கொள்ளச் சொல்லி, இரண்டு வாரம் கழித்துப் பெரிய பலகையைக் கேட்டபோது, 100-க்கு 76 பேர் சம்மதித்தார்கள். சின்ன உதவியைச் செய்தவன் பெரிய உதவியை மறுக்கத் தயங்குகிறான். வாசற்படியில் முதலில் பாதத்தை வைத்துவிட்டால் பிறகு உடம்பும் நுழைந்துவிடும் என்று வீடு வீடாக விற்கிறவர்கள் வெகு காலமாகச் சொல்லி வந்தது, அன்றைக்குப் புள்ளி விவரத்தோடு நிரூபணமாயிற்று.

அமெரிக்காவில் பலகை, நம் ஊரில் தண்ணீர். நமக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வேறென்ன வேண்டும்? சித்திரையில் தெரு முனையில் பந்தல் போட்டு, மண்பானையில் தண்ணீர் வைத்து, ஜாதி கேட்காமல், பேர் கேட்காமல் வார்க்கிற ஊர் இது. ஜாதி கேட்டு வார்த்த காலமும், கேட்டு மறுத்த காலமும் இருந்தன. அந்தப் பாவத்தை இன்னும் முழுக்கக் கழுவியாகவில்லை. இப்போதுதான் ஏதோ கொஞ்சம் மனம் விரிந்து, யார் வந்து கேட்டாலும் செம்பை நீட்டுகிறோம். அந்த இடத்தில் போய்க் கன்னம் வைக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்களே! இனி உண்மையான தாகத்தோடு வருகிறவன் கேட்கும்போது, ‘இவன் பையில் என்ன இருக்கிறதோ’ என்ற சந்தேகமல்லவா முதலில் வரும்?

வாசற்படிக்குள் நுழைகிற வியாபாரத்துக்கு வரம்பு வேண்டும் என்பது உலகம் கண்ட விஷயம். அமெரிக்காவில் வயோமிங் மாகாணத்தில் க்ரீன் ரிவர் என்ற சிறு ஊர். அங்கே ரயில்வேயில் ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் அதிகம். விற்பனைக்காரர்கள் கதவைத் தட்டித் தட்டி எழுப்பினார்கள். 1931-இல், வீட்டுக்காரர் அழைக்காமல் எந்த விற்பனைக்காரரும் வாசலுக்கு வரக் கூடாது என்று ஊராட்சி சட்டம் போட்டது. மற்ற ஊர்களும் பின்பற்றின. அப்படிப்பட்ட சட்டம் ஒன்று செல்லும் என்று 1951-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பின்னர் 1974 முதல், வீட்டுக்கு வந்து விற்றவரிடம் வாங்கிய பொருளை மூன்று வேலை நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிவிடும் உரிமை அங்கே விதியாயிற்று. வாசலிலே வாங்குகிறவன் நிதானத்தில் வாங்குவதில்லை என்பதைச் சட்டமே ஒப்புக் கொண்டது என்று அர்த்தம்.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. 2021 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நேரடி விற்பனை விதிகளின்படி, விற்கிறவர் அடையாளச் சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வரக் கூடாது. வந்தால், பேச்சைத் தொடங்கும்போதே தாம் யார், எந்த நிறுவனத்துக்காக, எதை விற்க வந்தோம் என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். ‘தண்ணீர் வேண்டும்’ என்று தொடங்கச் சொல்லி அதில் எழுதியிருக்கவில்லை. அந்த விதி கல்லூரிப் பயிற்சியைக் கட்டுப்படுத்துமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். வியாபாரத்தைப் பாடமாக நடத்துகிறவர்கள் அந்த விதியையும் பாடமாக நடத்த வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

இனி நம் பங்கு. நான் ஒரு செட் வாங்கினேன் என்றேனே, அதற்கு வருகிறேன். எனக்குத் தரை துடைக்கிற திரவம் தேவையாக இல்லை. பையன் முகத்தைப் பார்த்து வாங்கினேன். அவனுக்கு நன்மை செய்ததாக மாலை வரைக்கும் மனசுக்குள் ஒரு திருப்தி. யோசித்துப் பார்த்தால், நான் செய்தது என்ன? ‘இந்தத் தந்திரம் பலிக்கிறது’ என்று அவன் வாத்தியாருக்கு 350 ரூபாய் செலவில் சான்றிதழ் கொடுத்தேன். பரிதாபத்துக்காக வாங்குகிறவன், பரிதாபத்தை விற்கக் கற்றுக் கொடுக்கிறான். இது ஒரு வகை. இன்னொரு வகை, அடுக்குமாடி வீடுகளின் வாயிலில் ‘விற்பனையாளர்கள் உள்ளே வரக் கூடாது’ என்று பலகை மாட்டிவிட்டு, அதே பொருளைக் கைப்பேசியில் தொட்டு வரவழைத்துக் கொள்கிறவர்கள். வெயிலில் வருகிறவனுக்கு இவர்கள் இருவருமே மரியாதை செய்யவில்லை. மரியாதை என்பது அந்தப் பாட்டி எனக்குச் செய்தாளே, அது. உட்கார வைத்து, சரக்கைச் சோதித்து, பொய்யைக் காட்டி, நல்லதை ஒப்புக் கொண்டு, தேவையானால் வாங்குவது. தேவையில்லையானால் முகத்தைப் பார்த்து ‘வேண்டாம் தம்பி’ என்பது.

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிடுவான் எழுத்தாளன் என்று பேராசிரியர்கள் சொல்லக் கூடும். ஆகையால் சொல்கிறேன். பையன்களைத் தாராளமாகத் தெருவுக்கு அனுப்புங்கள். ஆனால் ஆளுக்கு ஆயிரம் ரூபாயைக் கடனாகக் கையில் கொடுத்து, ‘உனக்குத் தெரிந்த சரக்காகப் பார்த்து நீயே வாங்கி விற்று வா’ என்று அனுப்புங்கள். ஆத்தூர்ப் பையன் மரவள்ளிச் சிப்ஸ் விற்கட்டும். அதைப் பற்றி அவனுக்கு மணிக்கணக்காகப் பேசத் தெரியும். லாபம் வந்தால் அவனுக்கு. கழுத்தில் டை வேண்டாம்; பெயரும் கல்லூரியும் எழுதிய சீட்டுத் தொங்கட்டும். சொந்தக்காரர் வீட்டில் விற்றது கணக்கில் சேராது என்று சொல்லுங்கள். ஒரு வாரம் அந்தக் கீரைக்காரியோடு, அந்தப் புடவைக்காரரோடு கூட நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். அந்த வாரத்துக்கு அவர்களுக்கு வாத்தியார் சம்பளம் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மாதம் கழித்து அதே வீடுகளுக்குத் திருப்பி அனுப்புங்கள். எத்தனை கதவு மறுபடி திறக்கிறதோ அத்தனை மார்க். அந்தப் பரீட்சைக்கு எந்தக் கல்லூரி தயாராக இருக்கிறதோ, அந்தக் கல்லூரியின் வாசலில் நானே ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுகிறேன்.

எங்கள் வீட்டில் அந்த மூன்று புட்டிகளும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. எதிர்வீட்டு அம்மாள் தன் வீட்டில் உபயோகித்துப் பார்த்ததில் தரையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து விட்டதாம். “அந்தப் பையன் மறுபடி வந்தால் சொல்லுங்கள்” என்றாள். அவன் எங்கே வரப் போகிறான்?

போன வாரம் பார்சல் கொண்டு வந்த ஓர் இளைஞன், பெட்டியைக் கொடுத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக் கொண்டு, “அம்மா, கொஞ்சம் தண்ணீர்” என்றான். என் மனைவி அவனுடைய பையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் உள்ளே போனாள். செம்பு நிறையக் கொண்டு வந்து கொடுத்தாள். அவன் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “நல்லா இருங்கம்மா” என்று சொல்லிப் போய்விட்டான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் சொன்னாள்: “ஒரு நிமிஷம் தயங்கிவிட்டேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.”

இருபது வருஷமாக நான் அவளைப் பார்க்கிறேன். தண்ணீர் கேட்டவனுக்கு முன்னால் அவள் தயங்கி நின்றது அன்றைக்குத்தான். ஐந்து நாள் பயிற்சியின் வரவு செலவுக் கணக்கில் அந்த ஒரு நிமிஷத்தை எந்தப் பத்தியில் எழுதுவார்கள் என்று அந்தக் கல்லூரி எனக்குச் சொல்ல வேண்டும்.